தேய்ந்தது தோல்தான்!

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

இக்கல்லூரியில் சேர்ந்த நாளில் எனக்கு ஒரு படிவம் தந்தார்கள். அதில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். அது பொய். என் தந்தை வியாபாரி அல்லர். கோவையில் ஒரு குறுக்குச் சந்தில், தகரக் கூரையின் கீழ் அமர்ந்து, கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் தைக்கும் தொழிலாளி. எங்கள் கடைப் பலகையில் 'குஷன் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். உடன் படிப்பவர்கள் யாரும் அந்தச் சந்துப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று முதலாண்டு முழுவதும் அஞ்சியிருக்கிறேன்.

அந்தப் பொய்யை இன்று இம்மலரில் திருத்தி எழுதுகிறேன். திருத்த வைத்தது ஒரு கார். சரியாகச் சொன்னால், அந்தக் காரின் ஸ்டியரிங்.

ஸ்டியரிங்கைப் பற்றிக் கல்லூரி மலரில் கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைத்துவிட்டுப் படியுங்கள். தேய்ந்துபோன ஒரு பொருளைச் செப்பனிடுவதா, தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவதா என்னும் கேள்வி நம் வீட்டு மிதிவண்டி முதல் கைப்பேசி வரை நாள்தோறும் எழுகின்ற கேள்வி. அதற்கு நாம் சொல்லும் விடை பெரும்பாலும் 'புதிது வாங்கு' என்பதே. என் கருத்து வேறு. தேய்வு வேறு, பழுது வேறு. தேய்ந்ததைச் செப்பனிட வேண்டும். பழுதுபட்டதை மாற்ற வேண்டும். எது தேய்வு, எது பழுது என்று பிரித்தறிவதே அறிவு. அந்த அறிவு புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று என்பதை எனக்குக் கற்பித்தவர் என் தந்தை.

வந்தது ஒரு சிவப்புக் கார்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் எங்கள் கடை வாசலில் தாழ்வான சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டே பேர் அமரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்ட வகை. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து உலகெங்கும் சென்றன. அவற்றுள் ஒன்று எப்படியோ கடல் கடந்து எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

கோவைக்குக் காரும் பந்தயமும் புதியவை அல்ல. செட்டிப்பாளையத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் கரி மோட்டார் ஸ்பீடுவே என்னும் பந்தயத் தடம் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். ஆகவே ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டு எங்கள் சந்து வாயைப் பிளக்கவில்லை. ஆனால் அதன் ஸ்டியரிங்கைக் கண்டு நான் முகம் சுளித்தேன். வளையத்தைச் சுற்றியிருந்த கறுப்புத் தோல் சில இடங்களில் எண்ணெய் தடவியது போல் மின்னியது. சில இடங்களில் வெடித்து வரிவரியாகப் பிளந்திருந்தது. வலப்பக்கம் தையல் விட்டு, தோல் நாக்குப் போலத் தொங்கியது.

வண்டியை ஓட்டி வந்தவர் நூற்பாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். உடன் வந்த அவருடைய அக்காள் மகன், "மாமா, இதைக் கழட்டிப் போட்டுட்டு லண்டன்ல இருந்து புதுசு வரவெச்சர்லாம். இந்தக் கந்தலை எதுக்குத் தைக்கறது?" என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் என் தந்தையைப் பார்த்தார். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. வளையத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சுற்றி வந்தார். மூன்று உலோகக் கைகளும் வளையத்தோடு சேரும் இடங்களைக் கட்டை விரலால் அழுத்தினார். பிறகுதான் சொன்னார்.

"தேஞ்சது தோல்தானுங்க. வளையம் தேயலீங்க. ஆனாலும் தோலைப் பிரிச்சு உள்ள பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்லுவேன். உள்ள துருவோ வெடிப்போ இருந்தா நானே வேண்டாம்னு சொல்லிருவேன். அப்ப நீங்க புதுசே வாங்கிக்குங்க. பிரிச்ச கூலியும் வேண்டாம்."

அந்த மாதம் கடையில் வேலை குறைவு என்பதும், வீட்டில் என் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். கைக்கு வந்த வேலையை 'இல்லாமலும் போகலாம்' என்று வாயாலேயே சொல்லும் மனிதரை அன்றுதான் நான் கூர்ந்து பார்த்தேன்.

தோல் ஏன்?

ஸ்டியரிங் வளையத்துக்குத் தோல் சுற்றுவது வெறும் அழகுக்காக அன்று. எம்.ஜி.பி. போன்ற அக்காலக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. சக்கரம் சாலையில் உணரும் அதிர்வு நேரே ஓட்டுபவனின் உள்ளங்கைக்கு வந்து சேரும். வேகமாகத் திரும்பும்போது வியர்த்த கை வழுக்கினால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வழவழப்பான பிளாஸ்டிக்கோ மெருகிட்ட மரமோ வியர்வையை உறிஞ்சாது. தோல் உறிஞ்சும், பிடியும் தரும். 1964-இல் இத்தாலியப் பந்தய வீரர் ஜான்பியரோ மொரெட்டி தன் காருக்கெனத் தடித்த பிடியுள்ள ஸ்டியரிங் ஒன்றைச் செய்துகொண்டார். அதுவே பின்னர் 'மோமோ' என்ற புகழ் பெற்ற நிறுவனமாயிற்று. நல்ல பிடிக்காகத் தொடங்கியதுதான், பிறகு நாகரிகமாக மாறியது.

அப்படியானால் தோல் ஏன் தேய்கிறது? இங்கே என் பாடம் எனக்கு உதவிற்று. தோலின் உடல் கொலாஜன் என்னும் புரத இழை. பதனிடாத தோல் ஈரத்தில் ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோமியம் உப்பினால் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். நம் நாட்டின் பழைய முறையில் ஆவாரம் பட்டையின் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். பதனிட்ட தோலின் மேல் நிறமும், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் பூச்சும் இருக்கும். முதலில் தேய்வது இந்தக் காப்புப் பூச்சுதான். நம் வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உண்டு; தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் உண்டு. இவை நாள்தோறும் பூச்சை அரிக்கின்றன. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தொடும்போது தோலுக்குள் இருக்கும் கொழுப்பு உலர்ந்து, இழைகள் விறைத்துப் போகின்றன. 2020-க்குப் பிறகு இவற்றோடு ஒரு புதிய பகையும் சேர்ந்தது. கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் பழக்கம் அது. அதிலுள்ள ஆல்கஹால் காப்புப் பூச்சை இளக்கிவிடுகிறது.

இவற்றை நான் அப்பாவிடம் சற்றுப் பெருமையோடு விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "அதெல்லாஞ் சரி கண்ணு. வலப்பக்கம் மட்டும் ஏன் சாஸ்தி தேஞ்சிருக்குது, அதச் சொல்லு பாக்கலாம்." எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார். "நம்மூர்ல டிரைவர் வலப்பக்கம் உக்கார்றான். எடது கை கியருக்குப் போய்ட்டுப் போய்ட்டு வரும். வலது கை ஸ்டியரிங்க விட்டு நகராது. சன்னல் வெயிலும் அந்தப் பக்கந்தான்." முப்பது ஆண்டுகள் நூற்றுக்கணக்கான வண்டிகளைப் பார்த்த கண் அது. நான் படித்த எந்த நூலிலும் அந்த வரி இல்லை.

பளபளப்பு என்னும் பொய்

பழைய ஸ்டியரிங் பளபளவென்று மின்னினால் 'எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்' என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. பெரும்பாலான கார்களின் தோல் ஸ்டியரிங் புதிதாக இருக்கும்போது மங்கலாக, மினுமினுப்பு இல்லாமல்தான் இருக்கும். அந்த மின்னல் பல ஆண்டுகளாகக் கையிலிருந்து ஒட்டிய பசையும் அழுக்கும். எனவே செப்பனிடுதலின் முதற்படி சாயம் பூசுவதன்று, அழுக்கெடுப்பது. மென்மையான சோப்பு நுரை, மென்மையான தூரிகை, ஈரத்துணி. அவ்வளவே. பல வண்டிகளில் இந்த ஒன்றே போதுமானது. கரிய பசை துணியில் வந்துவிட, அடியில் நல்ல தோல் நலமாகவே இருக்கும். புதிது வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், அரை மணி நேரத்தில் சுத்தமான தன் பழைய ஸ்டியரிங்கைப் பார்த்து, 'இது என்னுடையதுதானா' என்று கேட்டதை நான் கண்டிருக்கிறேன்.

நிறம் மட்டும் போயிருந்தால் அடுத்த படி. மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துச் சொரசொரப்பை நீக்கி, சிறு வெடிப்புகளில் நிரப்புப் பசையை மெலிதாகத் தடவி, நீரில் கரையும் நிறமியைப் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பல மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, இறுதியில் மங்கலான காப்புப் பூச்சு இட வேண்டும். அவசரம் ஆகாது. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்பே அடுத்தது. 'ஒரே பூச்சில் புதிதாக்குகிறோம்' என்று ஒரு கடையில் கெட்டியாகப் பெயிண்ட் அடித்துத் தந்த ஸ்டியரிங் ஒன்று, மூன்றே மாதத்தில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டிக்கொண்டு எங்களிடம் வந்தது. அதையும் அப்பாதான் சுரண்டிச் சரி செய்தார்.

இந்த இடத்தில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். சிவப்புக் காரின் ஸ்டியரிங்கில் எந்த அளவு தோல் தப்பும் என்று பார்க்க அழுக்கெடுத்தபோது, "இதுக்கு அசிட்டோன் போட்டா நிமிஷத்துல போயிரும்" என்றேன். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிய துணிச்சல். அப்பா மறுக்கவில்லை. "மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடத்துல தொட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னார். உலோகக் கையின் பின்புறம் ஒரு பொட்டுத் தொட்டேன். அழுக்கோடு நிறமும் காப்புப் பூச்சும் சேர்ந்து பஞ்சில் வந்துவிட்டன. எந்த மருந்தையும் முதலில் மறைவிடத்தில் சோதிக்க வேண்டும் என்ற விதியை ஆய்வுக்கூடம் எனக்குச் சொல்லித்தான் இருந்தது. மனத்தில் பதியவைத்தது அப்பாவின் கடை.

பிரித்துப் பார்த்தோம்

எம்.ஜி.பி.யின் தோல் சாயத்தால் தேறும் நிலையைக் கடந்திருந்தது. தையலே விட்டிருந்ததால் தோலை முழுவதும் பிரிக்க வேண்டியதாயிற்று. ஸ்டியரிங்கைக் கழற்றும்போது அப்பா செய்த இரண்டு காரியங்களைக் குறித்து வைத்தேன். முதலாவது, நடுத்தண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து ஒரு கோடு கீறினார். திரும்ப மாட்டும்போது பல்வெட்டு ஒரு பல் தவறினாலும் வண்டி நேரே போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இரண்டாவது, நட்டை முழுவதும் கழற்றாமல் சில புரி மீதி வைத்துவிட்டு இழுத்தார். இறுகிய ஸ்டியரிங் திடீரென விடுபட்டால் முகத்தில் அடித்துவிடும்.

கத்தியால் தையலை அறுத்துத் தோலைக் கவனமாக உரித்தோம். அடியில் கெட்டிப் பூச்சு வலப்பக்கம் சிறிது உதிர்ந்திருந்தது. அவ்விடத்தில் இரும்பு வெளியே தெரிந்தது. அப்பா கம்பித் தூரிகையால் தேய்த்து, விளக்கைப் பக்கத்தில் பிடித்து, பற்றவைத்த இணைப்புகள் ஒவ்வொன்றையும் பார்த்தார். பெரியவரும் குனிந்து பார்த்தார். மேல் துரு மட்டுமே; வெடிப்பு இல்லை. "இப்பச் சொல்றேனுங்க. தோல் மாத்துனாப் போதும்."

பிறகு நடந்தது தையல். உரித்த தோலையே அளவாக வைத்துப் புதுத்தோலை வெட்டினார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோல். வளையத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே வெட்டினார். ஈரப்படுத்தி இழுத்துப் பொருத்தினால்தான் பின்னாளில் சுருக்கம் விழாது. ஓரங்களைச் சீவி மெலிதாக்கி, குத்தூசியால் 5 மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டார். மெழுகு தடவிய நூலின் இரு முனையிலும் இரு ஊசிகள். தையல் விழும் உள்விளிம்பின் விட்டம் 13 அங்குலம் என்று கொண்டால், உள்சுற்றளவு ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருநூறுக்கு மேற்பட்ட தையல். எல்லாத் தையலும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வளையத்தைச் சுற்றும் கை அதைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு நாள்கள் நான் எதிரே அமர்ந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசி முப்பது தையலை என்னைப் போடச் சொன்னார். அவற்றுள் பதினொன்றை அவிழ்த்து மறுபடி போட வைத்தார்.

எதிர்வாதங்கள்

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நேர்மையாகப் பார்ப்போம்.

'புதிதே பாதுகாப்பானது' என்பர். எப்போதும் அன்று. எந்தச் சோதனையும் காணாமல் விலை மலிவாக விற்கப்படும் ஸ்டியரிங்கைவிட, பிரித்துப் பார்த்து உறுதி செய்த மூல வளையம் நம்பத்தக்கது. ஆனால் வளையம் வளைந்திருந்தாலோ, பற்றவைப்பு விட்டிருந்தாலோ, துரு ஆழமாக அரித்திருந்தாலோ, செப்பனிடுவது அறியாமை. அங்கே புதிது வாங்குவதே அறிவுடைமை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே வேண்டும். என் தந்தையும் அதைத்தானே முதலில் சொன்னார்!

'இன்றைய கார்களுக்கு இது பொருந்துமா?' என்பர். பாதிதான் பொருந்தும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். ஸ்டியரிங்கின் நடுவே இருக்கும் அது ஒரு சிறு வெடிகலம் என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். தொடக்க கால ஏர்பேக்குகளில் சோடியம் அசைடு சிதைந்து நைட்ரஜன் வாயு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பையை நிரப்பியது. பிற்காலத்தில் வேறு சேர்மங்கள் வந்தன. இத்தகைய ஸ்டியரிங்கைப் பாட்டரி இணைப்பை எடுக்காமல், பயிற்சி இல்லாமல் எவரும் கழற்றக் கூடாது. நடு மூடியின் மேல் தோல் போர்த்தவும் கூடாது. அது பிளந்து வழிவிட வேண்டிய மூடி. வளையத்துக்குத் தோல் மாற்றலாம்; மூடியைத் தொடக் கூடாது. பழைய இரும்புக் கடையில் ஏர்பேக்கோடு ஸ்டியரிங் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டுவதும் ஆபத்து. டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கெட்டு, உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைக் குடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகள் திரும்பப் பெறப்பட்டன.

ஒருமுறை விபத்தில் ஏர்பேக் வெடித்த காரின் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து, மூடியின் பிளவு தெரியாமல் தோல் தைத்துக் கொடுத்தால் இரட்டிப்புக் கூலி தருவதாக ஒருவர் சொன்னார். வண்டியை விற்பதற்காம். அப்பா ஊசியைத் தொடவில்லை. "வாங்கறவன் புள்ளகுட்டிக்காரனா இருப்பானுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். தேய்வை மறைக்கலாம், பழுதை மறைக்கக் கூடாது. அந்தக் கோட்டை அவர் தாண்டவில்லை.

'எதற்கு இத்தனை பாடு? ஒரு கவர் வாங்கி மாட்டினால் போகிறது' என்பது மூன்றாவது வாதம். நம் ஊரில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இழுத்து மாட்டும் தளர்வான ஸ்டியரிங் கவர் எனக்குப் பிடிக்காத பொருள். வளையத்தின் மேல் அது ஒரு விரற்கடை நழுவினாலும், கை திரும்பும், சக்கரம் திரும்பாது. நோயும் தீரவில்லை, அடியில் வியர்வை தேங்கித் தோல் மேலும் அழுகும். நோய்க்கு மருந்து கொடுக்காமல் போர்வை போர்த்துவது போன்றது அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவு பாலாற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் இழைத்த தீங்கைக் குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே வழங்கியது. ஒரு ஸ்டியரிங்கின் தோலால் ஆறு கெட்டுவிடாது. மிகைபடக் கூற எனக்கு விருப்பமில்லை. ஆயினும் ஓர் உயிரின் தோல், ஓர் ஆற்றின் நீர், ஒரு தொழிலாளியின் நலம் இத்தனையும் செலவாகி உருவான பொருளை, துணியால் துடைத்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவது எந்த வகையில் நாகரிகம்?

நான் வேண்டுவது

மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். காரில் அமர்ந்து வளையத்தை இரு கைகளாலும் பிடித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது எங்கண்ணன் வண்டிங்க. அவர் போய் ஆறு வருஷமாச்சு. புதுசு மாட்டியிருந்தா அவர் பிடிச்ச வளையம் போயிருக்கும்" என்றார். அப்பா, உரித்த பழைய தோலைச் செய்தித்தாளில் சுற்றி அவரிடம் நீட்டினார். தூக்கி எறிய வேண்டிய கந்தல் என்று நான் நினைத்தது அது. பெரியவர் அதை வாங்கிக் காரின் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அக்காள் மகன் வளையத்தைத் தடவிப் பார்த்து, "தையல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியலீங்களே" என்றார். நான் போட்ட முப்பது தையல் எவை என்று அவருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை, என் எந்த மதிப்பெண் பட்டியலும் தந்ததில்லை.

பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே! நான் வேண்டுவது பெரிதன்று. நம் துறை மன்றக் கூட்டங்களுக்கு அறிஞர்களை அழைக்கிறோம், நன்று. ஆண்டுக்கு ஒருமுறை, இவ்வூரில் கையால் வேலை செய்யும் ஒருவரையும் அழைப்போம். தோல் தைப்பவர், கடைசல் பிடிப்பவர், சாயப் பட்டறைக்காரர் என எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேடையில் பேச வேண்டியதில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுத்து, 'இது தேய்வா, பழுதா?' என்று கேட்போம். அவர்கள் தட்டிப் பார்க்கும் முறையை நாம் பார்ப்போம். அவர்கள் சொல்லும் விடைக்கு நம் பாடத்தில் காரணம் தேடுவோம். ஆய்வுக்கூடத்தில் சிறு தோல் துண்டுகளின் மேல் செயற்கை வியர்வையையும் சானிடைசரையும் விட்டு, வாரக்கணக்கில் என்ன ஆகிறது என்று எழுதி வைப்பது ஓர் இளங்கலை மாணவனால் முடியாத காரியம் அன்று. அதை அடுத்த பருவத்தில் நான் தொடங்க இருக்கிறேன். துணைக்கு வர விரும்புபவர்கள் வரலாம். தோல் துண்டு எங்கள் கடையில் இலவசம்.

உங்கள் வீட்டில் தேய்ந்த பொருள் ஏதேனும் இருந்தால், எறியும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: தேய்ந்தது தோலா, வளையமா? தோல் என்றால் செப்பனிடுங்கள். வளையம் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். விடை தெரியாவிட்டால், தெரிந்த கையைத் தேடிப் போங்கள். அப்படிப்பட்ட ஒரு கை எங்கள் சந்தில் இருக்கிறது. நண்பர்கள் இனித் தாராளமாக வரலாம்.

இறுதியாக ஒரு திருத்தம். அலுவலகத்தில் உள்ள என் சேர்க்கைப் படிவத்தை மாற்ற முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாவிட்டால் இம்மலரே சாட்சியாக இருக்கட்டும்.

தந்தையின் தொழில்: தையல், கார் சீட்டும் ஸ்டியரிங்கும்.